கருகிய மூன்று அடாப்டர்கள்: எதற்குப் பதில் எதை வாங்குவது?

போன கோடையில் ஒரு சாயங்காலம் அக்கா வீட்டுத் தெருவில் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் பொதுக் கம்பி, விட்டுப்போனது. த்ரீ ஃபேஸ் கனெக்‌ஷன் உள்ள வீடு. கூடத்து விளக்குகள் கண்கூச எரிந்தன, ஃபேன் பேய்பிடித்த மாதிரி சுற்றியது, அடுப்படியில் இருந்த குண்டு பல்பு மட்டும் கங்கு போலச் சிவந்து மங்கியது. "மெயினை இறக்கு" என்று நான் போனில் கத்தி முடிப்பதற்குள் கூடத்தில் மாட்டியிருந்த மூன்று அடாப்டர்கள் போய்விட்டன. ரூட்டருடையது ஒன்று. அத்தானின் பழைய ரேடியோவுக்கு பேட்டரிக்குப் பதிலாக மாட்டும் அடாப்டரான எலிமினேட்டர் ஒன்று. அக்கா மகள் வாசிக்கும் கேசியோ கீபோர்டுடையது ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு மேஜைமேல் மூன்றையும் வரிசையாக வைத்திருந்தார்கள். டம்ளரைக் கையில் கொடுத்துக்கொண்டே அக்கா கேட்டாள்: "ஏன்டா தம்பி, பட்டனைத் தள்ளி வோல்ட் மாத்திக்கிற அடாப்டர் கடையில இருக்காமே? அதுல ஒண்ணை வாங்கி மூணுக்கும் மாத்தி மாத்திப் போட்டுக்கக் கூடாதா?"

நியாயமான கேள்வி. சர்வீஸ் டேபிளில் உட்கார்ந்த நாளிலிருந்து இதே கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். கூடாது என்பதுதான் என் பதில். ஏன் கூடாது, கூடாதென்றால் எதற்கு எது என்று அன்றைக்கு அந்த மேஜையில் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்று எல்லாவற்றுக்கும் ஆகாது

அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் நான்கு விஷயங்கள் இருக்கும். உள்ளே வாங்கும் வோல்ட், வெளியே தரும் வோல்ட், அதிகபட்சம் தரக்கூடிய ஆம்பியர், பின்னின் துருவம். இதில் வெளியே தரும் வோல்ட் கருவிக்குப் பொருந்தியே ஆக வேண்டும். ஆம்பியர் அப்படியில்லை. அது அடாப்டரின் கொள்ளளவு. கருவி தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும். 12 வோல்ட் 1 ஆம்பியர் கேட்கிற ரூட்டருக்கு 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரைத் தாராளமாக மாட்டலாம். "ரெண்டு ஆம்பியர் போட்டா எரிஞ்சிடுமே" என்று பயந்து அரை ஆம்பியர் அடாப்டரை வாங்கிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுதான் சூடேறிச் சாகும்.

துருவம்தான் பலரும் கவனிக்காத இடம். வட்டப் பின்னின் உள்துளை பிளஸ்ஸா மைனஸா என்பதை ஒரு சிறு படமாக அச்சிட்டிருப்பார்கள்: நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி அரைவட்டம், இரண்டு பக்கமும் கூட்டல் கழித்தல் குறிகள். ரூட்டர், செட்டாப் பாக்ஸ், கேமரா என்று இன்று வீட்டில் இருக்கும் பெரும்பாலான கருவிகளுக்கு உள்ளே பிளஸ். பழைய கேசியோ கீபோர்டுகளோடு வந்த 9 வோல்ட் அடாப்டரில் உள்ளே மைனஸ். கிட்டார் பெடல்களுக்கும் அப்படித்தான். அக்கா மகளின் கீபோர்டு அந்தப் பழைய வகை. வோல்ட் சரியாக இருக்கிறதே என்று ரூட்டர் வகை அடாப்டரை அதில் செருகினால், கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் தடுப்பு டயோடு உள்ளே இருந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் இல்லை.

பின்னின் அளவிலும் ஒரு சிக்கல். வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர் என்பது பொது, உள்துளை 2.1, 2.5 என்று இரண்டு உண்டு. 2.5 துளையுள்ள பின் 2.1 கம்பியுள்ள சாக்கெட்டில் நன்றாகவே நுழையும், ஆனால் பிடிக்காது. ஆட்டினால் எரிகிறது, விட்டால் அணைகிறது என்று வரும் பாதிக் கருவிகளின் நோய் இதுதான்.

இனி அந்தப் பட்டன் அடாப்டர். 3, 4.5, 6, 7.5, 9, 12 என்று சிறு சுவிட்சைத் தள்ளி மாற்றுவது. கடைகளில் இன்னும் தொங்கும் பழைய வகையில் ரெகுலேஷன், அதாவது வோல்ட்டை ஒரே அளவில் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு, கிடையாது. என்னிடம் இருந்த ஒன்றை 6 வோல்ட்டில் வைத்து, எதையும் மாட்டாமல் மீட்டரில் அளந்து அக்காவிடம் காட்டினேன்: 9.4. அந்த 6 என்பது முழு ஆம்பியரும் இழுக்கப்படும்போது வரும் எண். சத்தம் குறைத்து வைத்த ரேடியோ மாதிரி கொஞ்சமாக இழுக்கும் கருவிக்கு ஒன்பதுக்குப் பக்கத்தில்தான் போய்ச் சேரும். இப்போது ரெகுலேஷன் உள்ள புது வகையும் வருகிறது, அதில் இந்தக் குறை இல்லை. ஆனால் சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் அந்தச் சுவிட்ச் ஒருநாள் 12க்குத் தள்ளப்படும். துருவத்தை மாற்ற பின்னைத் திருப்பிச் செருகும் வசதி வேறு. மேஜையில் வைத்துச் சோதனை செய்கிறவனுக்கு அது உதவும். நிரந்தரமாக மாட்டி வைக்க அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கனமானதும் லேசானதும்

அத்தானின் எலிமினேட்டர் கையில் எடுத்தால் ஒரு பாக்கு இடிக்கும் கல் மாதிரி கனத்தது. ரூட்டர் அடாப்டர் அதைவிட அதிக வாட் தரக்கூடியது, ஆனால் தீப்பெட்டி இரண்டை ஒட்டிய எடைகூட இல்லை. இந்த எடை வித்தியாசத்துக்குள்தான் தேர்வுக்கான எல்லாக் காரணங்களும் இருக்கின்றன.

கனமானதில் இரும்புத் தகடுகள் அடுக்கி, செப்புக் கம்பி சுற்றிய டிரான்ஸ்பார்மர். 230 வோல்ட்டை நேராக 6 அல்லது 9 அல்லது 12 வோல்ட் ஏ.சி.யாக இறக்கும். நான்கு டயோடுகள் அதை ஒருதிசையாக்கும். ஒரு கெபாசிட்டர் மேடுபள்ளத்தை நிரவும். அவ்வளவுதான். கெபாசிட்டர் அலையின் உச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், 12 வோல்ட் ஏ.சி. என்பது சும்மா இருக்கும்போது கிட்டத்தட்ட 17இலிருந்து டயோடுகள் எடுத்துக்கொண்ட 1.4 போக, 15.5 வோல்ட்டாக நிற்கும். சின்ன டிரான்ஸ்பார்மர்களில் இதற்கும் மேலே போகும். எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மோட்டார் ஓடும் நேரத்தில் வீட்டு வோல்டேஜ் 170க்கு இறங்குவது புதிதில்லை. அப்போது இந்த அடாப்டரின் 12 வோல்ட் ஏறக்குறைய 9 ஆகிவிடும். மெயினில் என்ன நடக்கிறதோ அதையே சிறிய அளவில் கருவியிடம் ஒப்பிக்கும் அடாப்டர் இது.

லேசானதுக்கு எஸ்.எம்.பி.எஸ். (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) என்று பெயர். அது 230 ஏ.சி.யை முதலில் அப்படியே ஒருதிசையாக்கி 325 வோல்ட் டி.சி. ஆக்குகிறது. அதை ஒரு டிரான்சிஸ்டர் நொடிக்கு 65,000 முறை, சிலவற்றில் ஒரு லட்சம் முறை, வெட்டி வெட்டி விடுகிறது. 50 ஹெர்ட்ஸுக்கு உள்ளங்கை நிறைய இரும்பு தேவைப்பட்ட வேலைக்கு அந்த வேகத்தில் கட்டைவிரல் நுனியளவு ஃபெரைட் என்ற காந்தப் பொருள் போதும். எடை குறைந்ததற்குக் காரணம் அதுதான். முக்கியமான சங்கதி அடுத்தது. வெளியே வரும் வோல்ட்டை உள்ளே ஒரு ஐசி (சிறு சில்லு) இடைவிடாமல் பார்த்து, கூடினாலும் குறைந்தாலும் ஒளியால் பேசும் ஆப்டோகப்ளர் வழியாக முன்பக்கத்துக்குச் சேதி அனுப்புகிறது. முன்பக்கம் வெட்டும் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. அதனால்தான் அதன்மேல் 100–240 வோல்ட் என்று அச்சிட முடிகிறது. வீட்டில் 170 வந்தாலும் ரூட்டருக்கு 12தான் போகும்.

அப்படியென்றால் ஏன் எரிந்தது? நியூட்ரல் போனால் லோடு குறைந்த ஃபேஸில் வோல்டேஜ் 400ஐ நெருங்கும். அந்த அடாப்டரின் முன்பக்கக் கெபாசிட்டர் 400 வோல்ட் டி.சி. தாங்கக்கூடியது. மெயின் 283 வோல்ட்டைத் தாண்டியதுமே உச்சம் 400ஐத் தாண்டிவிடும். ரூட்டர் அடாப்டரைப் பிரித்தபோது அந்தக் கெபாசிட்டர் தலை உப்பி, மேலே சிலுவைக் கோட்டில் பிளந்து, சர்க்யூட் பலகை முழுக்க பழுப்புப் பிசின் கக்கியிருந்தது. மீன் கழுவிய வாடை மாதிரி ஒரு நெடி. ஃப்யூஸும் போயிருந்தது. எலிமினேட்டரில் வேறு கதை. டிரான்ஸ்பார்மர் சுற்றுக்குள்ளே சூடேறினால் அறுந்துகொள்ளும் ஒரு தெர்மல் ஃப்யூஸ் வைத்திருப்பார்கள். பிளக்கின் இரண்டு பின்களில் மீட்டரை வைத்தால் சில நூறு ஓம் காட்ட வேண்டும், எதுவுமே காட்டவில்லை. தன் உயிரைக் கொடுத்து வீட்டைக் காப்பாற்றியது அது. மூன்று அடாப்டர்களும் செத்தன, பின்னால் இருந்த மூன்று கருவிகளும் பிழைத்தன. அடாப்டர் செய்ய வேண்டிய கடைசி வேலையும் அதுதான்.

(பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: பிளக்கிலிருந்து எடுத்த பிறகும் அந்த 325 வோல்ட் கெபாசிட்டரில் தங்கியிருக்கலாம். எனக்குத் தெரிந்து பழகியவர்களே உதறி விழுந்திருக்கிறார்கள்.)

ரூட்டர்

இதற்குத்தான் வழிகள் அதிகம், குழப்பமும் அதிகம்.

நேரான வழி, அதே 12 வோல்ட்டில், 1.5 அல்லது 2 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். அடாப்டர் ஒன்றை வாங்குவது. இந்தியாவில் கணினி சார்ந்த கருவிகளின் அடாப்டர்களுக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். ஐ.எஸ். என்று தொடங்கும் தர எண்ணும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் அச்சிட்டிருக்க வேண்டும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யார் பெயரில் பதிவு என்று வரும். அச்சு மட்டும் இருக்கிறது, செயலியில் வேறு ஏதோ பொருளின் பெயர் வருகிறது என்றால் கீழே வைத்துவிடுங்கள். கடைக்காரர் முன்னாலேயே செய்து பார்க்கலாம், ஒரு நிமிட வேலை.

அக்கா மகள் வேறொன்று கேட்டாள்: "மாமா, போன் சார்ஜர்தான் ரெண்டு மூணு சும்மா கெடக்கே, அதுல ஓட்ட முடியாதா?" டைப்-சி சார்ஜரும், அதனிடம் 12 வோல்ட் கேட்டு வாங்கும் ட்ரிகர் கேபிளும் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. யோசனை நல்லதுதான். கருவி இன்ன வோல்ட் வேண்டும் என்று கேட்க, சார்ஜர் தன்னால் முடிந்ததைச் சொல்ல, ஒப்பந்தமான பிறகே வோல்ட் ஏறும் ஏற்பாடு அது. பி.டி. (பவர் டெலிவரி) என்று சொல்கிறோமே, அது. ஆனால் அதன் முறைப்படியான படிகள் 5, 9, 15, 20. அதில் 12 இல்லை. சில சார்ஜர்கள் விருப்பமாகச் சேர்த்துத் தருகின்றன, பல தருவதில்லை. 12 இல்லாத சார்ஜரில் ட்ரிகர் கேபிளை மாட்டினால் 9 வோல்ட்டிலோ 5 வோல்ட்டிலோ நின்றுவிடும். ரூட்டர் விளக்கெல்லாம் எரியும், ஆனால் வைஃபை ஏறும்போது இறங்கி இறங்கி மறுபடி எழும். ஆட்கள் ரூட்டரைக் குறை சொல்வார்கள், இணைய நிறுவனத்துக்கு போன் போடுவார்கள். எனவே முதலில் சார்ஜரின் முதுகில் 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அக்கா வீட்டில் கிடந்த மூன்றில் ஒன்றில்தான் இருந்தது.

இருந்தாலும் நான் அதைப் போடச் சொல்லவில்லை. இரண்டு மூன்று போர்ட் உள்ள சார்ஜர்களில் பக்கத்துத் துளையில் யாராவது போனைச் செருகியதும் எல்லாப் போர்ட்டுகளும் ஒரு நொடி அறுந்து மறுபடி பங்கு பிரித்துக்கொள்ளும். போனுக்கு அது தெரியவே தெரியாது. ரூட்டர் மறுபடி முதலிலிருந்து எழும்பும். பட்டனை அமுக்கி வோல்ட்டை மாற்றும் ட்ரிகர் பலகைகளோ இன்னும் ஆபத்து. 20க்கு ஓர் அமுக்கு போதும். பயணத்தில் லேப்டாப், போன், சின்ன கருவி எல்லாவற்றுக்கும் ஒரே சார்ஜர் வேண்டும் என்கிறவருக்கு இந்த வழி அருமை. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் போன்களுக்கும் பல சிறு கருவிகளுக்கும் டைப்-சியைக் கட்டாயமாக்கிவிட்டதால் இனி வருவதெல்லாம் இந்தத் திசையில்தான் வரும். ஆனால் வருடம் முழுக்க இருபத்துநாலு மணி நேரமும் சுவரில் தொங்கப்போகும் ரூட்டருக்குத் தனி அடாப்டர்தான் என் தேர்வு.

பவர் பேங்கில் 5 வோல்ட்டை 12 ஆக ஏற்றும் கேபிளையும் பலர் கேட்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ரூட்டர் முழு 12 வாட் இழுத்தால், வழியில் நஷ்டம் போக 5 வோல்ட் பக்கம் 14 வாட் வேண்டும். அது 2.8 ஆம்பியர். 2 ஆம்பியர் தரும் பவர் பேங்கில் 10 வாட்தான் கிடைக்கும். பல ரூட்டர்கள் சாதாரணமாக 6, 7 வாட்டில் ஓடுவதால் இது வேலை செய்வது போலத் தெரியும். வீட்டில் நாலு பேர் ஒன்றாக வீடியோ பார்க்கும்போது காலை வாரும்.

கரண்ட் அடிக்கடி போகிற ஊர் என்பதால் மினி யு.பி.எஸ். பற்றி அத்தான் விசாரித்து வைத்திருந்தார். அவர் வீட்டில் இன்வெர்ட்டர் ஏற்கெனவே இருக்கிறது. கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிக்க எடுக்கும் அந்த இமைப்பொழுதை நல்ல நிலையில் உள்ள அடாப்டர் தன் கெபாசிட்டரில் இருக்கும் சேமிப்பிலேயே கடந்துவிடும். ஒவ்வொரு முறையும் ரூட்டர் அணைந்து எரிகிறதென்றால் அது பெரும்பாலும் அடாப்டருக்கு வயதான அறிகுறி. அதற்கு மருந்து புது அடாப்டர், மினி யு.பி.எஸ். இல்லை. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு மினி யு.பி.எஸ். நல்ல செலவு. வாங்கும்போது ஒன்றை மட்டும் கேட்க வேண்டும்: வெளியே வரும் 12 வோல்ட் ரெகுலேட் செய்யப்பட்டதா? மலிவானவற்றில் மூன்று லித்தியம் செல்களைத் தொடராகக் கோர்த்து அப்படியே வெளியே விட்டிருப்பார்கள். முழுக்கச் சார்ஜ் ஏறியபோது 12.6, தீரும்போது 9. அந்தக் கீழ்ப்பாதியில் ரூட்டர் தடுமாறும். 'நாலு மணி நேரம்' என்ற விளம்பரத்தையும் நீங்களே சரிபார்க்கலாம். 2000 மில்லி ஆம்பியர் மணி செல் மூன்று என்றால் 22 வாட் மணி. 8 வாட் இழுக்கும் ரூட்டருக்கு நஷ்டம் போக இரண்டேகால் மணி நேரம் வரும்.

கீபோர்டு

இதற்கு ஆலோசனை குறைவு. 9 வோல்ட், உள்ளே மைனஸ், அந்த மாடலுக்கென்று விற்பதை வாங்குங்கள் என்று முடித்துவிடலாம். இதே கம்பெனியின் புதுக் கீபோர்டுகள் 9.5 வோல்ட், உள்ளே பிளஸ் என்று மாறியிருப்பதால் "கேசியோவுக்குக் குடுங்க" என்று மட்டும் சொல்லி வாங்கக் கூடாது.

ஆனால் செத்துப்போன அந்தப் பழைய அடாப்டரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கம்பெனி அடாப்டர் எப்போதோ தொலைந்து, திருவிழாக் கடையில் வாங்கியது அது. பிரித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ரூட்டர் அடாப்டரின் பலகையில் மெயின் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே அரை விரற்கடை இடம் வெறுமையாக விடப்பட்டு, ஓரிடத்தில் பலகையையே பிளவாக வெட்டியும் இருந்தார்கள். இந்தப் பலகையில் இரண்டு பக்கத்துச் செப்புக் கோடுகளுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். இரண்டு பக்கத்தையும் இணைக்கும் இடத்தில் பாதுகாப்புக்கென்றே செய்யப்படும் நீலநிற ஒய் கெபாசிட்டர் இருக்க வேண்டும். அங்கே எந்த முத்திரையும் இல்லாத சாதாரண செராமிக் வில்லை ஒன்று. ஃப்யூஸ் இடத்தில் வெறும் கம்பி. அந்த வில்லை ஷார்ட் ஆகியிருந்தால் 230 வோல்ட் நேராகக் கீபோர்டின் ஹெட்போன் சாக்கெட் வரைக்கும் வந்திருக்கும். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்கும் பிள்ளை. அக்காவிடம் பலகையைக் காட்டினேன். அவள் எதுவும் பேசாமல் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்ல அடாப்டரிலும் ஒய் கெபாசிட்டர் வழியாக மிகச் சிறிய கசிவு இருக்கும். லேப்டாப்பின் உலோக உடம்பைப் புறங்கையால் தடவினால் மெல்ல முணுமுணுவென்று உறுத்துவது அதுதான். இரண்டு பின் அடாப்டர்களுக்கு அது கால் மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்குப் பயப்பட வேண்டாம். சுரீரென்று அடித்தால் மட்டும் அந்த அடாப்டரை உடனே கழற்றிவிட வேண்டும்.

ரேடியோ

எஸ்.எம்.பி.எஸ்.ஸை இவ்வளவு புகழ்ந்துவிட்டு இங்கே எதிர்ப்பக்கம் சாய்கிறேன். அத்தான் கேட்பது மத்திய அலை. திருச்சி நிலையம் 936 கிலோஹெர்ட்ஸ். 65 கிலோஹெர்ட்ஸில் வெட்டும் அடாப்டர் அந்த 65இன் ஒவ்வொரு மடங்கிலும் கொஞ்சம் இரைச்சலைக் கசியவிடும். பதினான்கு மடங்கு 910, பதினைந்து மடங்கு 975. திருச்சியின் இரண்டு பக்கமும் முள்வேலி. அடாப்டரின் அந்த எண்ணும் ஒரே இடத்தில் நிற்காமல் அலைவதால் வேலி அகன்று நிலையத்தின்மேலேயே விழும். ஒரு 6 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். அடாப்டரை மாட்டிக் காட்டினேன். செய்தி வாசிப்பவரின் குரலுக்கு மேலே தகரத்தில் மழை பெய்கிற மாதிரி சத்தம். பண்பலையில் இந்தத் தொல்லை பெரும்பாலும் தெரியாது. பண்பலை மட்டும் கேட்கிறவர் எஸ்.எம்.பி.எஸ். வாங்கலாம்.

அத்தானுக்கு டிரான்ஸ்பார்மர்தான் வேண்டும், ஆனால் ரெகுலேஷனோடு. இங்கேதான் பழைய லீனியர் ரெகுலேட்டர் ஐசிக்கு இன்றும் வேலை இருக்கிறது. 78 என்று தொடங்கும் குடும்பம். 7805 ஐந்து வோல்ட், 7806 ஆறு, 7812 பன்னிரண்டு. மூன்று கால்: நுழைவு, கிரவுண்ட், வெளியே. எதையும் வெட்டாது. கூடுதலாக வரும் வோல்ட்டைத் தானே சூடாக்கித் தின்றுவிட்டுச் சரியான வோல்ட்டை மட்டும் வெளியே விடும். அதனால் இரைச்சல் இல்லை. சூடு மிஞ்சினாலும் வெளியே ஷார்ட் ஆனாலும் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் புத்தியும் உண்டு.

அதன் குறையும் அந்தச் சூடுதான். 12 வோல்ட்டை வாங்கி 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் கொடுத்தால் 7 வாட் வெறும் சூடாகப் போகும். கொடுப்பதோ 5 வாட். சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க் இல்லாமல் அந்த ஐசி ஒன்று, ஒன்றரை வாட்டுக்கு மேல் தாங்காது. ரூட்டருக்கோ போனுக்கோ இது ஆகாத வழி என்பது இதனால்தான். ரேடியோ இழுப்பது 150 மில்லி ஆம்பியருக்குள். அதற்கு இதைவிட நல்லது கிடையாது.

டிரான்ஸ்பார்மரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நிதானம் வேண்டும். 7806க்கு நுழைவில் 8 வோல்ட்டாவது இருந்தால்தான் 6ஐப் பிடித்து நிற்கும். 6 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போட்டால் நல்ல கரண்டில் ஒட்டி உரசிப் போகும், லோ வோல்டேஜில் உறுமும். அந்த உறுமல் 100 ஹெர்ட்ஸ் ஹம். 12 வோல்ட் போட்டால் ஐசி 10 வோல்ட்டைத் தின்ன வேண்டும், ஹீட்சிங்க் இல்லாமல் கை வைக்க முடியாது. நடுவில் 9 வோல்ட், அரை ஆம்பியர். டயோடு தாண்டி 11, 12 வரும். ஐசியில் போகும் சூடு ஒரு வாட்டுக்குள். மெயின் 170, 180க்கு இறங்கினாலும் 8க்குக் கீழே போகாது. கெபாசிட்டர் 2200 மைக்ரோஃபாரட், 25 வோல்ட். ஐசியின் காலை ஒட்டி இரண்டு பக்கமும் சின்ன செராமிக் கெபாசிட்டர் ஒவ்வொன்று. அவை இல்லாவிட்டால் ஐசி தானே ஊசலாடத் தொடங்கிவிடக்கூடும். எல்லாவற்றையும் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், மெயின் பக்கத்தில் ஃப்யூஸோடு வைக்க வேண்டும். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் ஊரிலுள்ள ரேடியோ மெக்கானிக்கிடம் இதே விவரத்தைச் சொன்னால் கட்டிக் கொடுப்பார்.

டிரான்ஸ்பார்மருக்கு இன்னொரு செலவு உண்டு. ரேடியோவை அணைத்தாலும் பிளக்கில் இருந்தால் அது ஒன்றிரண்டு வாட் தின்றுகொண்டே இருக்கும். தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது அதனால்தான். 2 வாட் என்றால் வருடத்துக்குப் பதினேழரை யூனிட். அமெரிக்காவில் 2016 பிப்ரவரி 10 முதல் சும்மா இருக்கும்போது 0.1 வாட்டுக்கு மேல் தின்னும் சிறு அடாப்டர்களை ஒதுக்கிவிட்டார்கள். அடாப்டரின் முதுகில் ரோமன் எண் ஆறு அச்சிட்டிருந்தால் அந்த வரம்புக்குள் அடங்கியது என்று பொருள். கனமானவை அந்தச் சந்தையிலிருந்து மறைந்ததற்கு இதுதான் காரணம். அத்தானிடம் சொன்னேன்: கேட்டு முடிந்ததும் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.

அமெரிக்கா என்றதும் ஞாபகம் வருகிறது. அங்கிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் பொருட்களோடு பழைய கனமான அடாப்டர் வந்தால் அதன் முதுகில் 120 வோல்ட் மட்டும் இருக்கும். பின்னை மாற்றும் சின்ன கன்வெர்ட்டர் வழியாக அதை நம் 230இல் செருகிப் புகையவிட்டவர்கள் நிறைய. அந்தக் கன்வெர்ட்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. அடாப்டரில் 100–240 என்று இருந்தால் அப்படியே மாட்டலாம். 120 மட்டும் என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அதே வெளிவோல்ட்டில் இங்கே ஒன்று வாங்குவதுதான் மலிவு, ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மரைச் சுமந்துகொண்டிருக்க வேண்டாம். வெளியே வருவதும் டி.சி.தானா என்று ஒருமுறை பாருங்கள். நேர்கோட்டின் கீழே மூன்று சிறு கோடுகள் இருந்தால் டி.சி., அலைக்குறி இருந்தால் ஏ.சி. சில பழைய ஆடியோ மிக்ஸர்களும் மோடம்களும் ஏ.சி.யே கேட்கும்.

வீட்டுக்கே ஒரு ஸ்டெபிலைசர்?

அத்தானின் கடைசிக் கேள்வி இது. "ஒவ்வொண்ணா மாத்துறதுக்கு மொத்தமா ஒரு ஸ்டெபிலைசர் வச்சிட்டா?" லோ வோல்டேஜுக்காக என்றால் ஃபிரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் அது தேவைப்படலாம். எஸ்.எம்.பி.எஸ். அடாப்டருக்குத் தேவையே இல்லை, அந்த வேலையை அது உள்ளேயே செய்துகொள்கிறது. நியூட்ரல் போகும் நாளுக்காக என்றால், கட்-ஆஃப் இல்லாத சாதாரண ஸ்டெபிலைசர் தானும் சேர்ந்து கருகும். அந்தப் பணத்தை மெயின் பெட்டியில் பொருத்தும் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃபில் போடச் சொன்னேன். 270 வோல்ட் வாக்கில் வைத்துவிட்டால் அதைத் தாண்டியதும் வீட்டையே துண்டித்துவிடும், சரியானதும் சில நிமிடம் பொறுத்துத் தானே சேர்க்கும். த்ரீ ஃபேஸ் வீட்டில் மூன்று ஃபேஸையும் பார்க்கும் வகை வேண்டும். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன்தான் பொருத்த வேண்டும். அந்தத் தெருவில் எத்தனை வீட்டில் டிவியும் ஃபிரிட்ஜும் போயின என்று கேட்டபோது, அதன் விலை பெரிதாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் மூன்று அடாப்டர்களோடும் மறுபடி போனேன். ஒவ்வொன்றின் பிளக்கிலும் வெள்ளை டேப் ஒட்டி 'ரூட்டர் 12', 'கீபோர்டு 9 மைனஸ்', 'ரேடியோ 6' என்று மார்க்கரில் எழுதினேன். ரேடியோவைப் போட்டதும் திருச்சி தெளிவாக எடுத்தது, ஆனால் அடியில் மெல்லிய கரகரப்பு ஒன்று மிச்சமிருந்தது. கட்டிக் கொடுத்ததில் எங்கே தப்பு என்று பெட்டியைத் திறக்கப் போனேன். அத்தான்தான் கையைக் காட்டினார். ரேடியோவை ஒட்டிய அதே சுவிட்ச் பலகையில் ரூட்டர் அடாப்டர் மாட்டியிருந்தது. அதைக் கழற்றிக் கூடத்தின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் மாட்டினோம். கரகரப்பு போய்விட்டது.